இரண்டாவது பர்னர்

...போகட்டும், தனியாகப் போக வீடு பார்த்துவிட்டாளாம், இரண்டு அறை, பால்கனி, வானொலி நிலையத்துக்கு நடந்தே போகலாமாம், காலையில் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள் மருமகள், மாமனாரான அவரும் சரியென்றோ கூடாதென்றோ சொல்லாமல், "மத்தியானம் பாய்லருக்குச் சூடு காட்ட ஒரு பர்னர் பிடிக்கிறியாம்மா, எனக்கு ரெண்டு கை பத்தாது" என்று கேட்டுவைத்தார். எதுவானாலும், அவர் கையாலேயே செய்யும் குட்டி நீராவி ரயில் இன்ஜினின் பாய்லர் முதலில். செம்பு அப்படி, ஒரு பக்கம் சூடு காட்டினால் மறுபக்கம் கடத்திவிடும், ஒற்றை பர்னர் அதற்குக் கொசுக்கடி. இந்த இடத்தில் மகன் நின்றிருக்க வேண்டும், நின்றிருந்தாலும் நடுவில் போன் வந்தது என்று நழுவியிருப்பான்... நழுவித்தானே போனான், இன்னொருத்தியோடு. மனைவியும் இல்லாத வீட்டில், "இது உன் வீடும்மா, யார் என்ன சொன்னாலும் சரி" என்று மருமகளிடம் சொன்னவர் அவர். சொந்தபந்தம் அசந்துபோனது. கிளினிக்கில் வாயைப் பிளந்து படுத்திருந்தவர்கள்கூட, வாயை மூடியதும் முதல் வேலையாக, "உங்கள மாதிரி மாமனார் யாருக்கு டாக்டர் கிடைப்பாங்க" என்றார்கள். உண்மைதானே? அவள் போகமாட்டாள். ஏதோ மனக்கசப்பில் சொல்கிறாள், சாயங்காலம் உட்கார வைத்துப் பேசினால் தீர்ந்தது.

கொட்டகையில் செங்கல் மேடைமேல் பாய்லர் நின்றது, பின்பக்கம் மேலே பார்க்க. முழங்கை நீளம்தான், முழங்கால் உயர இன்ஜினுக்கு அதற்குமேல் எதற்கு, ஆனால் உள்ளே நெருப்புப் பெட்டி, புகைக் குழாய்கள், தகடுகளை இழுத்துப் பிடிக்கும் ஆணிகள், அத்தனையும் அவர் கை. தகட்டைப் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, மெத்தென்று ஆனதும் மரச்சுத்தியால் தட்டி ஓரம் மடிக்க வேண்டும், தட்டத் தட்ட விறைத்துக்கொள்ளும், மறுபடி காய்ச்சு, மறுபடி தட்டு... காலமெல்லாம் உடைந்த பல்லுக்கு உறை செய்து மாட்டிய கைக்கு இதென்ன பிரமாதம். பின்தகட்டை வெள்ளிப் பற்று வைத்து ஒட்டுவது மட்டும் பாக்கி. சூடு மீறினால் முன்பு வைத்த பற்றெல்லாம் இளகி, இத்தனை மாத வேலையும் பழைய இரும்புக் கடைக்கு. மீறாது.

"நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது, புரிஞ்சுதா?"

"சரி மாமா. தீப்பிடிச்சா மட்டும் சொல்லாமலே ஓடிடலாமா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு பற்றவைத்தார். இரண்டு தீயும் சேர்ந்து உறுமின. இணைப்பில் தடவிய பசை பொங்கிச் சுண்டி, வெள்ளைப் பொருக்காகி, பிறகு கண்ணாடிபோல் தெளிந்தது, செம்பு மங்கலாகச் சிவந்தது, வெள்ளிக் கம்பியின் நுனி பட்டதும் கரைந்து இடுக்கில் ஓடியது... ஆகா, ஓடு, ஓடு. மேல் வளைவு ஆயிற்று, இடது மூலை ஆயிற்று, அவளும் அலட்டிக்கொள்ளாமல் பிடித்திருக்கிறாள், வெள்ளத்தையும் விலைவாசியையும் ஒரே சுருதியில் செய்தி வாசிக்கிறவள் அல்லவா, அவன் போன மறுநாள் காலையிலும் வாசித்தாள், கிளினிக் ரேடியோவுக்கு முன்னால் இவர் கையுறையோடு அப்படியே நின்றுவிட்டார், ஒரு சொல் பிசிறவில்லை... இந்த வலது மூலை ஏன் அடம்பிடிக்கிறது, இன்னும் கொஞ்சம் காட்டினால், இன்னும் கொஞ்சம்...

"மாமா, எடுங்க."

"இரும்மா, இந்த மூலை..."

"வெள்ளி என் பக்கமா சுத்தி வந்து ஓடிடுச்சு. எடுங்க."

அதே செய்திக் குரல். எடுத்த பிறகுதான் எடுத்துவிட்டது தெரிந்தது. அவளுடைய பர்னர் ஏற்கெனவே தள்ளிப் போயிருந்தது. சரி, அவரும் எடுக்கத்தான் இருந்தார்... இருந்தாரா?

ஆறவிட்டு, அமிலத்தில் ஊறவைத்துக் கழுவியபோது செம்பு இளஞ்சிவப்பாக வெளியே வந்தது. துளைகளை அடைத்துத் தண்ணீர் நிரப்பிக் கைபம்பை அழுத்தினார், இன்ஜின் ஓடும்போது தாங்க வேண்டிய அழுத்தத்தைப்போல இரு மடங்கு. அழுத்தமானியின் முள் ஏறியது, நின்றது. அவள் மெல்லிய தாளால் ஓரம் ஓரமாக ஒற்றிப் பார்த்தாள். ஈரம் இல்லை. வலது மூலையில் வெள்ளி மயிரிழையாகச் சுற்றி வந்திருந்தது, இன்னும் காட்டியிருந்தால் எல்லாம் போயிருக்கும், அதை அவர் சொல்லவில்லை. பேச்சை எடுக்க இதுதான் நல்ல நேரம்.

"அந்த வீடு எதுக்கும்மா? இங்க உனக்கு என்ன குறை?"

"குறையெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா." அடுத்த தாளை எடுத்தாள். "வீடு எப்பவோ பாத்ததுதான். நீங்க இதைக் கையில எடுத்த பிறகுதான் ஒழுங்கா சாப்பிடறீங்க, தூங்கறீங்க. முடியட்டும், அப்புறம் கிளம்பலாம்னு இருந்தேன்."

அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடாமலா இருந்தோம்? ராத்திரியெல்லாம் அவர் உட்கார்ந்திருந்த கூடத்தில் விளக்கெரிந்தது, அவள் எழுந்து வந்து அணைத்தாள், அவளுக்குத் தூக்கமில்லை பாவம் என்றல்லவா நினைத்தார்... அப்படியென்றால் இத்தனை நாளும் இந்த வீட்டில் யாரை யார் பார்த்துக்கொண்டது?

"இதோட இன்ஜின் முடிஞ்ச மாதிரியா மாமா?"

"எங்கேம்மா," என்றார் அவர், "சிலிண்டர் இருக்கு, சக்கரம் இருக்கு, இன்னும் எவ்வளவோ வேலை இருக்கு." வழக்கமான, எல்லாம் தெரிந்த குரலில்தான் சொன்னார். சொன்னது வேலைக் கணக்கா, கெஞ்சலா என்றுதான் அவருக்கே விளங்கவில்லை.