நாலு விரல் பின்னால்

படகுப் பட்டறையில் ஒற்றை ஆள் துடுப்புப் படகுகளான கயாக்குகள் இரண்டு அக்கம்பக்கமாகக் கிடந்தன. ஒன்று தங்கச்சி படகு, மற்றது அண்ணி படகு. பெயர் வைத்தது பட்டறைக்குச் சொந்தக்காரனான அண்ணன். இரண்டுக்கும் விதித்த வேலை ஒன்றுதான். கரையோரம் அலைமேல் ஏறிச் சறுக்கவும் வேண்டும், அதே படகில் நாள் முழுக்கத் துடுப்புப் போட்டுத் தூரம் போகவும் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் அச்சு எடுத்து விற்பனைக்கு வார்ப்பார்கள். மற்றது பரணுக்குப் போகும்.

பத்து வருஷமாக அங்கே தூரப் படகுகளை வரைந்துகொண்டிருந்தவள் தங்கைதான். அவள் படகுகள் குச்சி மாதிரி நேராக இருக்கும், நேராகவே போகும். அண்ணி வந்து வருஷம்கூட ஆகவில்லை. அலைச் சவாரியில் கெட்டிக்காரி. கல்யாணம் ஆன கையோடு பென்சிலையும் எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்துவிட்டாள். வந்தவள் சும்மா இருந்தாளா? முன்பாதி வளைந்து மூக்கைத் தூக்கிக்கொண்டும், பின்பாதி நேராகவும் ஒரு படகை வரைந்து வைத்தாள். சும்மா சொல்லக் கூடாது, நல்ல படகு. அதுதான் எரிச்சலே. தனக்குத் தோன்றியிருக்க வேண்டியது இன்னொருத்திக்குத் தோன்றினால் வயிறு எரியாமல் குளிருமா?

முதல் ஓட்டத்தில் தங்கச்சி படகு அலையில் மூக்கைக் குத்திக் கவிழ்ந்தது. அண்ணன் உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே கரைக்கு வந்தான். அண்ணி படகு அலையைச் சமாளித்தது, ஆனால் தூரம் போகப் போக வாலை ஆட்டத் தொடங்கியது. அதை நேராக்குவதிலேயே அவன் தெம்பெல்லாம் போயிற்று. தங்கைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதுவும் சாப்பாட்டு வேளை வரைக்கும்தான். அண்ணன் பெண்டாட்டியின் படகைத் தலையில் தூக்கி வைத்து ஆடினான். வால் ஒன்றுதான் குறையாம், நாளைக்கு மறுபடி பார்க்கலாமாம். பிறகு ஞாபகம் வந்தவன்போல, உன்னுதும் நல்ல படகுதான் என்று தங்கையிடம் சொன்னான். அந்த 'உம்' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது பசியில்லை என்று தங்கை பின்தங்கினாள். அண்ணி படகின் இருக்கையைக் கழற்றி நாலு விரல் பின்னால் தள்ளினாள். இருக்கை பின்னால் போனால் படகின் முன்பக்கம் லேசாகிவிடும், காற்று இழுத்த இழுப்புக்கெல்லாம் திரும்பும். அது அவளுக்கு மனப்பாடம். ஆடட்டும், நன்றாக ஆடட்டும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே திருகினாள். வாசலில் பேச்சுக்குரல் கேட்டதும் கடைசித் திருகாணிகளைப் பாதியோடு விட்டுவிட்டு எழுந்தாள்.

அண்ணன் படகுக்குள் கால் ஊன்றும் கட்டையைத் தன் வசத்துக்குச் சரிசெய்துகொண்டு கிளம்பினான். படகு ஆடவில்லை. கோடு கிழித்த மாதிரி போயிற்று. கரையில் நின்றவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் போட்ட கணக்கு அவளுடைய நேர்ப்படகுகளின் கணக்கு. இந்தப் படகில் பின்பாதிதான் நேரானது. பாரம் அங்கே போனதும் அது தண்ணீரில் நன்றாக அமர்ந்துகொண்டது, வாலாட்டம் நின்றது. கரைக்குத் திரும்பும்போது அலையில் மூக்கு இன்னும் அழகாக எழும்பியது. கெடுக்கப் போய்த் தன் கையாலேயே குறையைத் தீர்த்து வைத்திருந்தாள்.

அண்ணன் கரையேறி, இதற்கே அச்சு என்றான். என்ன செய்தாய் என்று பெண்டாட்டியைக் கேட்டான். அண்ணி படகுக்குள் குனிந்து கையை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

"நான் தொடவே இல்ல. இருக்கைய யாரோ பின்னால தள்ளியிருக்காங்க." நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். "நீதானே?"

தங்கை ஆமென்று தலையாட்டினாள்.

அண்ணனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்படியென்றால் இது இரண்டு பேர் படகு, இரண்டு பேர் பெயரும் இதில் இருக்கும் என்றான். அவள் ஆசைப்பட்டது அதுதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கிடைத்துவிடும்.

"ஆமா, உனக்கு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டான்.

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவளிடம் பொய் தயாராக இல்லை.

"வயித்தெரிச்சலாலதாண்ணா."

அண்ணன் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தான், அவள் தோளில் தட்டினான். அண்ணி சிரிக்கவில்லை. பாதி முறுக்கிய திருகாணி ஒன்று அவள் விரலோடு கழன்று வந்திருந்தது. அதைத் தங்கையின் கையில் வைத்தாள்.

"முழுசா முறுக்கிடு," என்றாள்.