அல்போன்சா செய்த மட்டை

திரேஸ்புரத்தில் ஒரு பொய் மூன்று ஆண்டுகளாகத் தலைநிமிர்ந்து நடந்தது. வள்ளக்காரன் ஆன்றோவின் கிரிக்கெட் மட்டைகள், மட்டைக்குப் பேர்போன மீரட்டிலிருந்து வருகின்றன என்பதே அந்தப் பொய். உண்மையோ, அவன் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் இழைப்புளி பிடித்து நின்றது. அவனுடைய அக்காள் அல்போன்சா, துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுத்தர். காஷ்மீர் வில்லோக் கட்டையைப் பார்சலில் தருவித்து, இழைத்து, வளைவு கொடுத்து, மரச்சுத்தியலால் ஆயிரம் முறை தட்டிப் பக்குவப்படுத்துவாள். விற்பதற்காக அல்ல; அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள் கொடுத்த மட்டைகள் மீது தம்பி கம்பெனி ஒட்டுப்படம் ஒட்டினான். ஏன்? பெண் கை பட்ட மட்டையில் ரன் வராது என்று கடற்கரையில் நாலு பேர் சொல்வார்களாம்! பெண் ஆக்கிய சோறு செரிக்கிறது. பெண் கூடை சுமந்து விற்ற மீனுக்கு வந்த பணம் செல்லுகிறது. மட்டை மட்டும் கெட்டுவிடுமாம்!

இந்த ஆண்டு அல்போன்சா ஒரு முடிவுக்கு வந்தாள். புதிய மட்டையின் முதுகில், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் எழுத்து எழுத்தாகச் சுட்டாள்: ‘அல்போன்சா, திரேஸ்புரம்.’ இனிப் பெயரில்லாமல் ஒரு மட்டையும் இந்த மாடியை விட்டு இறங்காது.

திருவிழாக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஆன்றோ பழைய மட்டையோடு மாடியேறினான். அவனுக்கு முன்பே அதன் மீன் நாற்றம் ஏறிவந்தது.

“ஏலே, இதுல என்னத்தலே தேய்ச்ச?”

“சாள எண்ணெய்க்கா. மூணு கோட்டு. வள்ளத்துக்கு அடிக்கதுதான? தண்ணி ஏறாதுல்லா.”

“வள்ளம் மெதக்கணும்லே, மட்டை அடிக்கணும்! ஆளிவிதை எண்ணெய், அதுவும் ஒரு ஸ்பூனுன்னு சொன்னேம்லா?”

சுத்தியலால் தட்டினாள். ‘தொப்’ என்றது. எண்ணெய் குடித்துக் கனத்த மரம் செத்திருந்தது.

“அந்தப் புதுசத் தாக்கா,” என்றான் ஆன்றோ. கையில் ஒட்டுப்படம் தயாராக இருந்தது.

“பேரோட எடுத்தா எடு. மறைச்சு ஒட்டுனா மட்டை கிடையாது.”

“பயலுவ சிரிப்பானுவக்கா.”

“மீன் நாத்தத்துக்கு இப்பமே சிரிக்கத்தான செய்யுதானுவ.”

அவன் வெறுங்கையோடு இறங்கிப் போனான்.

இறுதி ஆட்டம். பன்னிரண்டு ஓவர். எதிரணி எடுத்தது தொண்ணூற்றொன்று; வெற்றிக்குத் தொண்ணூற்றிரண்டு ரன் வேண்டும். தொடக்கத்திலிருந்து ஆடிய ஆன்றோவின் மட்டையில் பட்ட பந்துகள் காலடியிலேயே விழுந்தன. “ஏலே, பந்த அடிக்கியா, கருவாடு காயப்போடுதியா?” என்று மறுமுனையில் கூட ஆடிய ஜாக்சன் கத்தினான். எட்டு ஓவர் முடிந்தபோது நாற்பது ரன்.

ஆன்றோ எல்லைக் கயிற்றுக்கு ஓடிவந்தான். அங்கே புதிய மட்டையை மடியில் வைத்து அல்போன்சா அமர்ந்திருந்தாள்.

“தாக்கா!”

“யாரு செஞ்சதுன்னு மைக்ல சொல்லிட்டு எடு.”

“ஆட்டம் நடக்குக்கா!”

“நிக்கட்டும். மூணு வருசம் நான் நின்னேன். ஒரு நிமிசம் ஆட்டம் நிக்காதோ?”

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆன்றோ வர்ணனையாளர் வெள்ளத்துரையின் மைக்கை வாங்கினான். “இது எங்க அக்கா அல்போன்சா செஞ்ச மட்டை. முந்தி உள்ளதெல்லாமும் அவ செஞ்சதுதான். மீரட்டு இல்ல.”

சிரிப்பும் விசிலும் கிளம்பின. அடுத்த பந்து கயிற்றைத் தாண்டியபோது விசில் மட்டுமே மிஞ்சியது. அதன்பின் பந்து பட்டபோதெல்லாம் மட்டை ‘டக்’கென்று பேசியது. ஆயினும் மூன்று ரன்னில் ஆட்டம் கைநழுவிற்று.

“பொம்பள மட்டையத் தொட்டான், கோப்பை போச்சு!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். ஆன்றோ தலைகுனிந்தான். அல்போன்சா குனியவில்லை. நேரே நடந்து மைக்கைப் பிடித்தாள்.

“மொத எட்டு ஓவரு, மீன் எண்ணெய் மட்டை: நாப்பது ரன். கடைசி நாலு ஓவரு, என் பேரு போட்ட மட்டை: நாப்பத்தெட்டு. கோப்பை எங்கன போச்சுன்னு அந்த அண்ணாச்சியே எண்ணிச் சொல்லட்டும். மட்டை வேணும்னா எம் பேரச் சொல்லிக் கேளுங்க. மீரட்டுன்னு கேட்டா இங்கன கிடைக்காது.”

கைதட்டலுக்கு அவள் நிற்கவில்லை. தம்பியிடமிருந்து மட்டையை வாங்கி, பந்து பட்ட தடங்களை விரலால் தடவினாள். அடுத்ததில் அடிப்பாகம் ஒரு நூல் தடிமனாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தாள்.