சும்மா ஓடுகிறவள்

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. ஓடும்போது கிடைத்தது. நான் ஓடுகிறவள் அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழுந்து பறிக்கிறேன், மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன், இரண்டுக்கும் நடுவில் சமையலும் கிடக்கிறது. இப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடையைக் கடாசிவிட்டு, படங்கை* முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேல்மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவம் வரைக்கும் தலைதெறிக்க ஓடினேன். ஏன் என்று கேட்பீர்கள். பொறுங்கள், கதை சொல்கிறவள் நான்.

(*தேயிலைச் செடி குத்தாமலிருக்க நாங்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த விரிப்பு. பெரிய எழுத்தாளர்கள் அடிக்குறிப்பு போடுவதைப் பார்த்து எனக்கும் ஓர் ஆசை. இதோடு சரி.)

கதைக்கு உரியவள் என் நாத்தனார் பிரேமினி, என் வீட்டுக்காரரின் தங்கை. ஹட்டன் டவுனில் தையல் கடையில் வேலை. எங்கள் தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் போய் மரதன் ஓடி முடித்த முதல் ஆள்.

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

"மூடுபனி மலைகளைப் போர்த்தியிருந்த அதிகாலையில், இளம் மங்கை ஒருத்தி"

பிரேமினிக்கு வாசித்துக் காட்டினேன்.

"யாரு மதினி அந்த மங்கை?"

"நீதான்."

"பனியில ஓடுனா எனக்கு மூக்கு ஒழுகும். அதப் போடுங்க."

மூக்கு ஒழுகும் மங்கையை வைத்துக்கொண்டு நான் என்ன இலக்கியம் பண்ணுவது? அடித்துவிட்டேன்.

இரண்டாவது ஆரம்பம்: "கொழும்பில் அவள் கடைசி ஆட்களில் ஒருத்தியாக வந்தாலும்"

இதற்கு என் வீட்டுக்காரர் குறுக்கே விழுந்தார். "கடைசின்னு எதுக்கு எழுதுற? மானம் போகுது."

எழுதுவேன். அவளுக்குப் பின்னால் கொஞ்சப் பேர்தான் வந்தார்கள். பதக்கமும் ஓடி முடித்த எல்லோருக்கும் கொடுத்ததுதான். அதற்கென்ன இப்போது? அந்தத் தூரம் ஏறக்குறைய ஹட்டனிலிருந்து நுவரெலியா வரைக்கும் வரும். பஸ்ஸில் போனாலே எனக்கு வாந்தி வரும் தூரம். அவளுக்கு முன்னால் எத்தனை பேர் போனார்கள் என்று கேட்கிறவர்கள், நானுஓயா வரைக்காவது ஓடிப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

3

அவள் திரும்பி வந்த அன்று சந்தியில் தப்பு அடித்தார்கள். மாலை போட்டார்கள். பதக்கத்தை ஊர்வலமாகக் கொண்டுபோய் மாரியம்மன் கழுத்தில் போட்டார்கள், அது இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது. நான் அழுதேன். பெருமையில் அழுதேன். அதை வேறு வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை, தேடவும் போவதில்லை.

[கதையை இங்கேயே முடித்துவிடலாம். பத்திரிகைக்காரர்கள் உடனே போட்டுவிடுவார்கள், அவளுடைய போட்டோவும் சேர்ந்து வரும்.]

ஆனால் அன்றோடு அவள் ஓடுவதை நிறுத்திவிட்டாள்.

முதலில் கால்தான் காரணம். பெருவிரல் நகம் கறுத்துப்போய், நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துப் படிகளில் பின்பக்கமாகத்தான் இறங்கினாள். நகம் விழுந்தது, கால் ஆறியது. ஓடுகிற சப்பாத்து மட்டும் சுவர் ஆணியிலிருந்து இறங்கவில்லை. காலையில் எழுப்புவதற்கு வைத்த போன் மணி அடிக்கும், அவளே அமர்த்திவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

லயத்தில் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் ஆட்களுக்குக் கொழும்பு ஓட்டம் தீ மிதிப்பது மாதிரி. "அதான் நேத்திக்கடன் முடிஞ்சிருச்சே" என்றார்கள். தீ மிதித்தவள் மறுநாள் போய் இன்னொரு தரம் மிதிப்பாளா?

நான்தான் ஒரு நாள் கேட்டேன்.

"என்ன பிள்ள, இன்னும் காலு வலிக்குதா?"

"காலு நல்லாத்தான் இருக்கு மதினி. முந்தி எதுக்கு ஓடுறன்னு கேட்டா, கொழும்புக்குன்னு சொல்லுவேன். இப்ப கேட்டா என்னத்தச் சொல்ல?"

"ஓடாம இருந்தா நல்லா இருக்கியா?"

"எங்க? சோறே எறங்க மாட்டேங்குது. நாள் பூரா மெசினுக்கு முன்னால குனிஞ்சே கெடக்கேன். ஓடுற நேரத்துலதான் நிமிந்து இருப்பேன். அது போயிருச்சு."

இந்த இடத்தில் எனக்கே என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. ஓடுவதற்கு ஒரு காரணம் வேண்டாமா? செத்துப்போன அப்பாவின் ஆசை என்று வைத்துப் பார்த்தேன். அவள் அப்பா கல்லு மாதிரி இருக்கிறார், பக்கத்துக் காம்பராவில் டீவி பார்க்கிறார். காதல் தோல்வி என்று வைத்தேன். "அப்பிடி எழுதுனீங்க, நான் ஒங்களோட பேச மாட்டேன்" என்றாள். விட்டுவிட்டேன்.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கைக்காசுக் கொழுந்து. விருப்பப்பட்டவர்கள் லீவு நாளில் பறிப்பது. லயம் காலியாகட்டும், கேள்வி கேட்க ஆளில்லாத நேரமாகப் போகலாம் என்று பிரேமினி காத்திருந்தாளாம். நாங்கள் மேல்மலையில் நிற்பது அவளுக்குத் தெரியாது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு அந்த றோட்டிலேயே ஓடி வந்திருக்கிறாள். தூறல் போட்டது. குளிருக்கு மேலே போட்டிருந்த ஜக்கெட்டைக் கழற்றித் தலைக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். (அடிக்குறிப்பு அல்ல, நிஜமாகவே சொல்ல வேண்டும்.) எங்கள் தோட்டத்தில் தலையை மூடிக்கொண்டு ஒருத்தி ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். குளவிக் கூடு கலைந்துவிட்டது. யாரும் நின்று விசாரிக்க மாட்டார்கள். போன வருசம் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தவர் வீரம்மாக்கா. அதிலிருந்து தன் இடது கால் மடங்குவதில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர்தான் முதலில் பார்த்தார்.

"குளவி! குளவிடி! ஓடுங்கடி!"

கூடைகள் பறந்தன. செடி நிரையை விட்டுப் பாய்ந்து றோட்டில் இறங்கினோம், பிரேமினிக்குப் பின்னால். சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். ஒரு கூட்டமே தலையை மூடிக்கொண்டு தன்னை நோக்கி ஓடி வருகிறது. நிஜமாகவே குளவி என்று நினைத்து அவள் வேகத்தைக் கூட்டினாள். அவள் வேகத்தைப் பார்த்து எங்களுக்கும் சந்தேகமில்லாமல் போயிற்று. அடி ஆத்தி, அப்படி ஓர் ஓட்டம் நான் ஓடியதே இல்லை.

அடுத்த வரியை எழுதும்போது எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. மடுவத்துக்குக் கொஞ்சம் முன்னால், வெறுங்காலோடு, மடங்காத அந்த இடது காலோடு, வீரம்மாக்கா பிரேமினியை முந்தினார். கொழும்பில் ஓடியவளை! முந்திக்கொண்டே கத்தினார்: "நின்னுறாத பிள்ள, ஓடு!"

மடுவத்துக்குள் விழுந்தடித்துப் புகுந்தோம். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். யாருக்கும் வீங்கவில்லை.

"குளவி எங்கடி?" என்றார் வீரம்மாக்கா.

"எனக்கெங்க தெரியும்? நீங்கதான கத்துனீங்க."

"நீதானடி தலைய மூடிக்கிட்டு ஓடியாந்த!"

"தூறலுக்குத்தான் மூடுனேன்."

"அப்ப எதுக்குடி ஓடுன?"

அவள் எந்தக் கேள்விக்குப் பயந்து இத்தனை நாள் படுத்துக் கிடந்தாளோ, அதே கேள்வி. கொழுந்துக்காரிகள் அத்தனை பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு பதிலுக்கு நிற்கிறோம்.

"சும்மாதான்" என்றாள்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தோம்.

5

எங்கள் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா சிரிக்கவில்லை.

"யாராச்சும் தண்ணிக் கானுக்குள்ள விழுந்து காலை ஒடிச்சிருந்தா யாரு பதில் சொல்றது? தோட்டத்து றோட்டுல இனிமே ஒருத்தரும் ஓடக் கூடாது."

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பிரேமினியின் முகம் செத்துப்போனது. தோட்டத்து றோட்டை விட்டால் பஸ் றோட்டுதான், அங்கே ஓட முடியாது. "சரிங்க ஐயா. நான் இனி ஓடல" என்றாள். ஆணியில் திரும்பவும் அந்தச் சப்பாத்து தொங்கப்போகிறது என்று நினைத்தேன்.

"ஒன்ன யாருடி கேட்டா?" என்று எழுந்தார் வீரம்மாக்கா. "ஐயா, குளவின்னு கத்தையில நீங்களும் மேல்மலையிலதான நின்னீங்க? நாங்க ஓடியாந்து சேரையில, ஒங்க மோட்டார் சைக்கிள் எங்களுக்கு முந்தியே இங்க நின்னுச்சே. அது எப்புடிங்க?"

ஐயா மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

வீரம்மாக்கா விடவில்லை. "எங்க தோட்டத்துப் பேர கொழும்பு வரைக்கும் கொண்டுபோன புள்ளங்க. அது ஓடட்டும். தூரத்துல வரையிலயே குளவி இல்லன்னு சத்தம் குடுத்துட்டு ஓடட்டும்."

"குளவின்னு கேட்டாலே நாங்க ஓடிருவோமே" என்றேன் நான்.

"அப்ப என்னத்தக் கத்துறது?" என்றார் வீரம்மாக்கா.

"சும்மாதான்னு கத்துறேன்" என்றாள் பிரேமினி.

ஐயா கையை உதறிவிட்டுப் போனார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்தில் அதற்குப் பெயர் அனுமதி.

6

முடிவு.

(அ) அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. சோகமாக, அழகாக எழுதினேன். பொய், கிழித்துப் போட்டேன்.

(ஆ) அவள் வெளிநாட்டுக்குப் போய் ஓடி, பெரிய பதக்கத்தோடு பிளேனில் வந்து இறங்கி

வேண்டாம். அம்மன் கழுத்தில் இடமில்லை.

(இ) அடுத்த ஞாயிறு. மேல்மலை. தூரத்து வளைவில் பிரேமினி வந்து நிற்கிறாள். ஊரே கேட்கிற மாதிரி கத்த வேண்டும், காரணமில்லாமல்தான் ஓடுகிறேன் என்று. அவளோ கடையில் நூல் கேட்பதற்கே வெட்கப்படுகிறவள். எங்கள் கைகள் செடிமேல் அப்படியே நிற்கின்றன. அவள் வாயைத் திறக்கிறாள்.

அவள் கத்தினாளா இல்லையா என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன், அது உங்கள் வேலை. நீங்களும் வந்து எங்கள் நிரையில் நில்லுங்கள், காதைக் கொடுங்கள், அவள் கத்தினால் என்ன பதில் கத்துவது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் விட மனமில்லை. அந்த நேரத்தில் வீரம்மாக்கா தலையிலிருந்து கூடையைக் கழற்றிக் கீழே வைத்தார். படங்கை அவிழ்த்தார். சேலையை இழுத்துச் செருகினார். மழை இல்லை, குளவியும் இல்லை.

"என்னக்கா?" என்றேன்.

"சும்மாதான்" என்றார்.