ஒற்றை ஆள் வண்டி

விடியும் முன்பே மூன்றாம் மாடிக்குத் தூக்கியாக வேண்டும். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவன் நெட்டையன். ஆம்புலன்ஸ் உதவியாளர் பயிற்சியில் கூடப் படிப்பவர்களில் அவன்தான் கனம் என்பதால் தினமும் அவனே நோயாளி. குறுகலான படிக்கட்டின் திருப்பத்தில், கால்பக்கம் பிடித்தவர்கள் தோளுக்கு மேல் உயர்த்த வேண்டும். இரும்புக் கைப்பிடி உள்ளங்கையை அறுத்தது. வியர்வை கண்ணில் இறங்கினாலும் துடைக்கக் கை கிடையாது.

"பாத்துத் தூக்குங்கப்பா! எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகல."

"நோயாளிக்கு வாய் கிடையாது, பேசாம படு" என்றாள் பாடம் நடத்தும் நர்ஸம்மா. பிறகு எல்லோருக்குமாகச் சொன்னாள்: "கழுத்துல அடிபட்டவரை ஒத்தை ஆளாத் தொடக் கூடாது. ஒருத்தர் தலையை அசையாமப் பிடிக்கணும், இன்னொருத்தர் முகமூடி வெச்சு மூச்சுப் பையை அமுக்கணும்."

பாடம் அப்படி, நடப்பு வேறு. அந்தப் பயிற்சி நிலையத்துக்குச் சொந்தமாக ஆம்புலன்சுகளும் ஓடின. முன்பு வண்டிக்கு இரண்டு தேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். ஓசியில் மாணவர்கள் கிடைத்ததும் நிலையத்தின் டைரக்டர் அந்தப் பழைய ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இப்போது வண்டிக்கு ஒரு மாணவர். அதற்குப் பெயர் பயிற்சி.

அன்று காலை அழைப்பு வந்தபோது வண்டியில் ஏறிய மாணவி ஜவுளிக்கடை. படிக்க வருமுன் துணிக்கடையில் நாளெல்லாம் நின்று விற்றவள் என்பதால் அந்தப் பெயர். கட்டடச் சாரத்திலிருந்து ஒரு கொத்தனார் விழுந்திருந்தார். கண் திறந்திருந்தது. "தண்ணி" என்றார்.

பாதி வழியில் மூச்சு தடுமாறியது. தலையைப் பிடித்தால் பையை அமுக்க முடியவில்லை. பையை எடுத்தால், வண்டி திரும்பும்போதெல்லாம் தலை உருண்டது. முழங்கால்களுக்கிடையே தலையை அணைத்து, ஒரு கையால் முகமூடியை அழுத்தி, மறு கையால் பையை அமுக்கினாள். ஓரத்தில் காற்று கசிந்தது. அவர் நெஞ்சு ஏறவேயில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றார் டிரைவர்.

"ஓட்டுங்கண்ணே."

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, அவள் கையிலிருந்த பையை மெல்ல வாங்கிக் கீழே வைத்தார்.

திரும்பி வந்து வண்டியைக் கழுவினாள். தண்ணீர் சிவப்பாக ஓடியது, பிறகு வெளிறியது, பிறகு வெறும் தண்ணீர். அப்புறமும் கழுவிக்கொண்டே இருந்தாள். டிரைவர் வந்து குழாயை மூடினார்.

வீட்டில் அண்ணி சோறு போட்டாள். தின்றாள். என்ன குழம்பென்று தெரியவில்லை.

"என்னடி, கை இப்படி ஜில்லுனு கெடக்கு?"

"தண்ணியில நின்னேன் அண்ணி."

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

மறுநாள் டைரக்டர் வகுப்புக்கே வந்தார்.

"அந்தாளு பொண்டாட்டி கேட்டு வந்தா, ஏத்தும்போதே உயிர் இல்லைன்னு சொல்லிடு. முடிஞ்சுது கதை."

"பேசினாரு சார்." அடுத்த அறையிலிருந்து யாரோ பேசுவது போல் அவள் குரல் அவளுக்கே கேட்டது.

"என்னது?"

"தண்ணி கேட்டாரு. செத்தவரு கேக்க மாட்டாரு."

"உன் கைவேலைதான் சரியில்லைன்னு நான் சொன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"சொல்லுங்க சார். எனக்கு ரெண்டு கைதான். அங்கே நாலு தேவைப்பட்டுச்சு."

"சர்டிபிகேட் வேணுமா, வேண்டாமா?"

நெட்டையன் எழுந்தான். "யாரைக் கேக்கறீங்க சார்? அவளையா, எங்க எல்லாரையுமா? நேத்து வண்டியில என்னை அனுப்பியிருந்தா, இன்னைக்கு அவ இடத்துல நான் நின்னிருப்பேன்."

நர்ஸம்மா கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வீட்டு அடுப்பு இந்த ஆள் கொடுக்கும் சம்பளத்தில் எரிகிறது. திரும்பாமலே சொன்னாள்: "ஒத்தை ஆளா அனுப்பாதீங்கன்னு நானும் சொன்னேனே சார்."

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. சந்தையில் ஒரு பெரியவர் மயங்கி விழுந்திருக்கிறார். வகுப்பு ஒரு கணம் திகைத்தது. போகாமல் இருப்பதா? விழுந்தவர் என்ன பாவம் செய்தார்?

ஜவுளிக்கடை எழுந்தாள். கூடவே நெட்டையனும் நடந்தான்.

"ஒருத்தர் போதும்!"

"வண்டி போகும் சார்" என்றாள். "இனிமே ரெண்டு பேரோட போகும்."

"அப்போ மத்த வண்டிக்கு ஆளு?"

"போடுங்க. வீட்டுக்கு அனுப்புனீங்களே, அவங்களைக் கூப்பிடுங்க."

டைரக்டர் முற்றம் வரை துரத்தி வந்தார். "சாயங்காலம் ஒருத்தரும் இங்க இருக்க மாட்டீங்க!"

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். "சாயங்காலம் எல்லாருமா அந்தக் கொத்தனார் வீட்டுக்கு, நடந்ததைச் சொல்லப் போறோம் சார். எப்படியும் இருக்க மாட்டோம்."

"தலையை நீ பாத்துக்க. மூச்சை நான் பாத்துக்கறேன்" என்றான் நெட்டையன். அவள் தலையசைத்தாள். நெஞ்சு இன்னும் மரத்துத்தான் கிடந்தது. நாளை படிப்பு இருக்குமா, போலீஸ் வருமா, ஒன்றும் தெரியாது.

வாசலைத் தாண்டும்போது பின்கண்ணாடி வழியே பார்த்தாள். மற்றவர்கள் முற்றத்தில் இறங்கி, யாரும் சொல்லாமலே, வண்டிக்கு இரண்டு பேராக நின்றிருந்தார்கள். கடைசி வண்டிக்கு ஆள் இல்லை. திறந்து கிடந்த அதன் கதவருகே டைரக்டர் தனியாக நின்றுகொண்டிருந்தார்.