அடைக்கோழியிடம் விட்ட குஞ்சுகள்

தங்கை ஊர் திரும்பிய வாரத்தில்தான் குஞ்சுகளையும் கோழியிடம் விட வேண்டியிருந்தது.

அக்காள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். கல்யாணம் அவளுக்கு அமையவில்லை; அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து அழுததுமில்லை. தங்கைதான் புருஷனோடு ஒத்துவராமல் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். பிறகு குழந்தையை அக்காள் மடியில் போட்டுவிட்டுக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனாள். ஒரு வருஷம்தான் என்று சொல்லிவிட்டுப் போனவள் திரும்பி வந்தபோது, குழந்தை வாய் ஓயாமல் கதையளக்கும் வாண்டாகியிருந்தது. பல் முளைத்தது, நடை பழகியது, காய்ச்சலில் பிதற்றியது எல்லாம் அக்காளின் கையில்தான்.

தங்கையை அதற்குக் கைப்பேசித் திரையில்தான் தெரியும். “போன் அம்மா” என்று கூப்பிடும். அக்காளை வெறும் “அம்மா” என்றது. பெரியம்மா என்று சொல்லிக்கொடுக்காமல் இல்லை. அந்தச் சின்ன நாக்குக்குச் சொல் பெரிது என்று முதலில் விட்டாள். பிறகு திருத்த மனசு வரவில்லை.

போன் அம்மா பெட்டியும் பொம்மையுமாக நேரில் வந்து நின்றபோது வாண்டு பொம்மையை வாங்கிக்கொண்டு அக்காளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. படுக்கையில் தங்கையின் பக்கம் போட்டால், விளக்கை அணைத்ததும் உருண்டு உருண்டு அக்காளிடம் வந்துவிடும். தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவள் தூங்கவில்லை என்பது அக்காளுக்குத் தெரியும். ஆனாலும் கழுத்தில் வந்து படும் அந்தச் சூடான மூச்சு எவ்வளவு சுகம்! அந்தச் சுகத்துக்காகவே அவளுக்குத் தன்மேல் எரிச்சல் வந்தது.

குஞ்சுகள், பக்கத்து வீட்டு வெல்டர் தானே செய்த சூட்டுப்பெட்டியில் முட்டை பொரிக்கவைத்து, வாண்டுக்கு விளையாட்டுக் காட்டக் கொடுத்தவை. சமையலறை மூலையில் அட்டைப்பெட்டிக்குள், தாழத் தொங்கிய மஞ்சள் பல்புக்கு அடியில் ஒன்றையொன்று நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. கொல்லையிலோ ஒரு சிவப்புக் கோழி. கண்டவரையெல்லாம் கொத்துவதால் அதற்கு மாமியார் என்று பெயர். சேவலில்லாத வீட்டில் கூமுட்டைகளை அணைத்துக்கொண்டு, தீனியும் தண்ணீரும் மறந்து அடை கிடந்து இளைத்துக்கொண்டிருந்தது. அதன் அடியில் விட்டுப் பாரேன் என்று யோசனை சொன்னதும் வெல்டர்தான். பகலில் காட்டினால் கொத்திவிடும், பொழுது சாய்ந்ததும் விட வேண்டுமாம்.

அப்படியே பொழுது சாய்ந்ததும் எல்லோரும் கொல்லையில் கூடினார்கள். அக்காள் கூமுட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு, அந்த இடத்தில் குஞ்சுகளைத் தள்ளினாள். மாமியார் பெயருக்கேற்றபடி மணிக்கட்டில் இரண்டு போடு போட்டது. குஞ்சுகள் உள்ளே போன வேகத்திலேயே வெளியே வந்து, சமையலறை வாசலில் விழுந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்து ஓடின. பிடித்து விட்டாள். மறுபடியும் ஓடின.

“முதல்ல அந்த பல்பை அணைம்மா,” என்றார் வெல்டர். “இத்தனை நாளா அதுதானே இதுங்களுக்குத் தாய். அது எரியுற வரைக்கும் கோழி கண்ணுலயே படாது.”

“குளிர்ல செத்துடாதாண்ணே?”

“கொஞ்ச நேரம் கத்தும். நீ போய்த் தூக்கிடாத. அதுதான் கஷ்டம்.”

அக்காள் உள்ளே போய் பல்பை அணைத்தாள். குஞ்சுகள் இருட்டில் நின்று கதறின. லைட் போடச் சொல்லி வாண்டும் சேர்ந்துகொண்டது. அக்காள் கையைப் பிசைந்துகொண்டு வாசற்படியிலேயே நின்றாள். கத்தல் ஒன்று குறைந்தது. பிறகு இன்னொன்று. கடைசிக் குஞ்சும் அடங்கியபோது மாமியாரின் தொண்டையிலிருந்து தணிந்த, குழைந்த ஒரு குரல் வந்தது. அந்தக் கோழியிடம் அப்படியொரு குரல் இருந்ததே அவளுக்கு அதுவரை தெரியாது.

காலையில் மாமியார் மண்ணைக் கிளறிக்கொண்டு முன்னே போக, குஞ்சுகள் பின்னே போயின. அக்காள் அரிசி நொய்யை எடுத்துக்கொண்டு போய் நாக்கைச் சப்புக்கொட்டி அழைத்தாள். பெட்டியில் இருந்தபோது அந்தச் சத்தத்துக்கு முண்டியடித்துக்கொண்டு வருபவை, இப்போது கோழி ஒரு மணியைக் கொத்திக் கீழே போட்ட பிறகே வாய் வைத்தன. அவள் கையை ஒரு குஞ்சும் பார்க்கவில்லை.

அன்றைக்கே சலவைக்கூட மேற்பார்வையாளரிடம் இரவு வேலை கேட்டு வாங்கினாள். இப்போது எதற்கு நைட் டூட்டி என்று தங்கை கேட்டதற்கு, ஆள் இல்லையாம் என்று பொய் சொன்னாள்.

அவள் கிளம்பியபோது வாண்டு கதவைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை தெருமுனை வரை கேட்டது. மூடியிருந்த ஒரு கடைச் சுவரோரம் நின்றாள். கால் தானாகவே திரும்பியது; அடக்கிக்கொண்டு நடந்தாள். அன்று இரவு சலவைக்கூடத்தில் உலர்ந்து வெதுவெதுப்பாக வந்த விரிப்புகளை மடிக்கும்போது ஒன்றை மட்டும் கழுத்தோடு வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். கூட வேலை செய்தவள் உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டாள்.

முதல் நாள் வாண்டு அழுதே தூங்கிப்போனதாம். அடுத்த நாள், பாட்டுப் பாடத் தெரியுமா என்று தங்கையிடம் பரீட்சை வைத்ததாம். தங்கை, பூனை சட்டை தைக்கப் போன பாட்டைப் பாடியிருக்கிறாள்.

“அது எங்கம்மா பாட்டுன்னு சண்டைக்கு வந்துடுச்சுக்கா. எனக்கும் அவதான் பாடித் தூங்க வச்சான்னு சொன்னேன். அப்புறம் ரொம்ப நேரம் என்னையே பாத்துச்சு. கிட்ட வந்து படுத்துக்கிச்சு.”

சொல்லிவிட்டுத் தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அக்காள் சிரித்தாள். நல்லது என்றுகூடச் சொன்னாள்.

ஒரு காலை வேலை முடிந்து வந்தபோது, வாண்டு தாயின் வயிற்றின்மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அக்காள் தோள்பையைக் கூடக் கழற்றாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் கொஞ்சம் படுக்கலாமா என்று ஆசை. படுக்கை முச்சூடும் அந்த இரண்டு பேர்தான் இருந்தார்கள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனாள்.

தங்கைக்கு ஊரின் மறுகோடியில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை கிடைத்தது. பக்கத்திலேயே வீடும் பார்த்தாள். கிளம்பும் நாளில் சாமான் எல்லாம் வேனில் ஏறிவிட்டது. தங்கை சீப்பும் ரிப்பனுமாக வாண்டை இழுத்துக்கொண்டு வந்தாள்.

“அக்கா, நீயே பின்னிவிடேன். இவ முடி என் கையில நிக்கவே மாட்டேங்குது.”

சின்ன வயதில் தெருப் பெண்களுக்கெல்லாம் விதவிதமாகச் சடை போட்டுவிட்டவள் தங்கை. அக்காள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். தங்கை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாண்டு முழங்கால்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்தது. வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். அக்காள் வகிடு எடுத்தாள். கோணலாகிவிட்டது என்று சொல்லிக் கலைத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து எடுத்தாள்.