எந்தப் பக்கம் மேல்

நான் போய்ச் சேர்ந்தபோது பதினோராவது மரத்தை வெட்டி, கிளைகளைக் கழித்து, மூன்று துண்டாக்கி உருட்டியும் விட்டிருந்தார்கள். நடுத்துண்டில் நான் சுற்றிய வெள்ளித்தாள் அப்படியே இருந்தது.

மரத்தண்டில் துளை போட்டு மூன்று ஊசிகளை மேலும் கீழுமாகச் செருகி, வெயில் படாமல் வெள்ளித்தாள் சுற்றுவது என் வேலை. நடு ஊசி சூடாகும். மரம் தண்ணீரை மேலே இழுத்தால் அந்தச் சூடு மேல் ஊசிக்குப் போகும். எவ்வளவு இழுக்கிறது என்று பெட்டியில் எண் விழும். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் மட்டும் எண் கழித்தல் குறியோடு விழுந்தது, தண்ணீர் கீழே போகிறது என்று. ‘இரண்டும் தேறாது, வெட்டிவிடலாம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், பெரிய மேதாவி மாதிரி. இன்று காலை பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. ஊசிகளைத் தலைகீழாகச் செருகியிருந்தாலும் இதே எண்தான் விழும்.

வெள்ளித்தாளைக் கிழித்தேன். ஊசிகளின் மூடியில் மேல்பக்கத்தைக் காட்ட வேண்டிய அம்புக்குறி வேலியைக் காட்டியது. வேலிப் பக்கம் கிடப்பது மரத்தின் தலையா, காலா?

“அண்ணே, இந்தத் துண்டுல எது மேல்பக்கம்?”

ரம்பக்காரர் துண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “உருட்டும்போது திரும்பிருச்சும்மா. ரெண்டு முனையும் ஒரே பருமனால்ல இருக்கு.” போய் அந்த மரத்தின் அடிக்கட்டையில் உட்கார்ந்துகொண்டார்.

தோட்டத்துக்கார அக்கா வந்தார். இந்தப் பன்னிரண்டு மரங்கள்தான் அவருக்குச் சோறு. “பன்னெண்டாவதையும் இப்பவே முடிச்சிரலாமா? ரம்பக்காரருக்கு வேற எடத்துல வேலை இருக்காம்.”

“கொஞ்சம் பொறுங்கக்கா.”

ஓடிப்போய்ப் பன்னிரண்டாவதின் தாளைப் பிரித்தேன். அம்பு வானத்தைப் பார்த்திருந்தது. சரியாகத்தான் செருகியிருக்கிறேன். நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. அப்படியானால் பட்டப்பகலில் இந்த மரம் தண்ணீரைக் கீழே அனுப்புகிறது. இலையெல்லாம் பச்சைப்பசேலென்று இருக்கிறதே! பெட்டியில் வயரை மாற்றிச் சொருகிவிட்டேனா? அதையும் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன.

“வெட்டலாமா, வேணாமா? ஏதாவது ஒண்ணு சொல்லும்மா.”

“தெரியலக்கா. எனக்கே ஒண்ணும் புரியல.”

“நீதானே எழுதிக் குடுத்த?”

நேரமாகிறது என்று ரம்பக்காரர் எழுந்தார். அவர் கால்சட்டையின் பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. அவர் உட்கார்ந்திருந்த கட்டையின் வெட்டுமுகத்தில் வேரிலிருந்து மேலேறிய தண்ணீர் ஊறி, விளிம்பு தாண்டி, பட்டை வழியே இறங்கிக்கொண்டிருந்தது.