வண்டூர் வேலியும் நான் எழுதிய மழையும்

1

இந்தக் கதை என் சட்டையில் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தமானில், வண்டூர் படகுத்துறைக்குப் போகிற சாலையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கால் வலித்தது. பக்கத்தில் இருந்த மரவேலியில் சாய்ந்தேன். அதில் அடித்திருந்த ஸ்டெயின் என்கிற மரச்சாயம் காயவில்லை என்பது முதுகில் ஈரம் பட்ட பிறகுதான் தெரிந்தது. உள்ளே இருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். சட்டைக்காக வருத்தப்படப் போகிறாள் என்று நினைத்து, "பரவாயில்லைங்க" என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

"சட்டையை விடுங்க, அது துணிதான. என் பலகையைப் பாருங்க. ரேகையெல்லாம் கலைஞ்சு கெடக்கு" என்றாள்.

அவள் பெயர் லூசி. அந்தப் பலகையை என் கண் முன்னாலேயே துடைத்து, மறுபடி பூசி, தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். நான் போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் குடியிருப்பவன். பகலில் கப்பல் டிக்கெட் கொடுக்கிறேன், மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். என் கதைகளில் வருகிறவர்கள் பெரும்பாலும் அழுகிறவர்கள். தன் வேலையை இவ்வளவு திமிரோடு நேசிக்கிற ஒருத்தியை நான் எழுதியதே இல்லை. பஸ்ஸை விட்டுவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "அலைகள் கரையைத் தழுவிக்கொண்டிருந்த அந்தி வேளையில், லூசி தூரிகையை ஏந்தியபடி—"

(அடித்துவிட்டேன். அவள் அதைப் பிரஷ் என்பாள். ஏந்தவும் மாட்டாள். வேலை இல்லாத நேரத்தில் அதை இடுப்பில் செருகிக்கொள்வாள்.)

இரண்டாவது தொடக்கம்: "அந்தமான் படாக் மரத்தின் செந்நிறம் உலகப் புகழ்—"

(இது சுற்றுலாத் துறைக் கையேடு. யாராவது கேட்டால் தனியாக எழுதித் தருகிறேன்.)

மூன்றாவது: "ஸ்ப்ரே வேணாம் டீச்சர்" என்றாள் லூசி.

இது நிற்கும். இதிலிருந்தே போவோம்.

3

"ஸ்ப்ரே வேணாம் டீச்சர்" என்றாள் லூசி.

சுசீலா டீச்சர் போர்ட் பிளேரில் பள்ளிக்கூடம் நடத்தி ஓய்வு பெற்றவர். வண்டூரில் ஒரு தங்கும் விடுதி கட்டியிருந்தார். விடுதி சின்னது, வேலி பெரியது. ஆள் உயரத்துக்கு மேல் படாக் பலகைகள், சாலையோரம் முழுக்க. இந்த முனையில் இருப்பவர் அந்த முனையில் இருப்பவரோடு பேச வேண்டுமானால் போன்தான் போட வேண்டும். ஈஸ்டர் வாரத்தில் திறப்புவிழா.

"மெயின்லேண்ட்ல எல்லாரும் ஸ்ப்ரேதான் அடிக்கிறாங்க லூசி. என் தம்பி வீட்டு வேலியை ஒரே நாள்ல முடிச்சுட்டாங்க."

"அங்க இந்தக் காத்து கிடையாது டீச்சர். இங்க ஸ்ப்ரே கன்னைத் தூக்குனா பாதி வேலிக்கு, பாதி ரோட்டுல போறவன் மூஞ்சிக்கு."

"அப்ப ரோலர்?"

"ரோலர் சுவத்துக்கு. பலகை இடுக்குல அது நுழையாது. இது ஸ்டெயின், பெயிண்ட் இல்ல டீச்சர், மேல உக்காருறதுக்கு. மரம் இதைக் குடிக்கணும். பிரஷ்ஷால ரேகை போற போக்குலயே தள்ளிக்கிட்டுப் போவணும். குடிச்சது போக மிச்சத்தைப் பழைய காட்டன் துணியால தொடச்சு எடுத்துரணும். ஒரு பலகையைத் தொட்டா அடி வரைக்கும் முடிச்சுட்டுத்தான் அடுத்தது. நடுவுல டீ குடிக்கப் போனா அந்த எடம் தழும்பாத் தெரியும்."

டீச்சர் வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லியே பழகியவர். தனக்கு ஒருவர் பாடம் நடத்துவது அவருக்குப் புதிது. "சரி, உன் இஷ்டம்" என்றார்.

லூசிக்கு இது வெறும் வேலி இல்லை. வண்டூரில் இதுவரை அவள் அடித்த சுவர், கதவு, ஜன்னல் எல்லாமே 'வேதநாயகம் வேலை'. வேதநாயகம் அவள் கணவர். இருவருமாகத்தான் பெயிண்டிங் எடுத்துச் செய்தார்கள். அவர் அதை விட்டுவிட்டு டூரிஸ்ட் படகு ஓட்டப் போன பிறகும் ஊர் வாயிலிருந்து அந்தப் பெயர் போகவில்லை. இந்த வேலியைத்தான் முதல் முதலாக லூசி தன் பெயரில் எடுத்திருந்தாள். சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், "டீச்சர் வேலி என் வேலை" என்று சொல்லி வைத்திருந்தாள். சொன்ன பிறகு பின்வாங்க முடியாது.*

* வேலிக்குச் சாயம் பூசுவதில் என்ன கதை இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி கேட்டாள். நீங்கள் செய்த ஒரு வேலைக்கு இன்னொருவர் பெயரைச் சொல்லிப் பாராட்டியபோது பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? அந்தக் கதை.

4

இனித் தப்பு நடக்க வேண்டும். எனக்குப் பிடிக்கவில்லை. லூசி தப்பே செய்யாதவளாக இருந்தால் எழுதுவதற்குச் சுகமாக இருக்கும். அதனால் முதல் வரைவில் இப்படி எழுதினேன்:

"லூசி சொல்லச் சொல்லக் கேட்காமல், கூட வேலை செய்யும் பொன்னம்மா கிணற்று மோட்டாரைப் போட்டு—"

எழுதியதை எடுத்துக்கொண்டு வண்டூருக்குப் போய் லூசிக்குப் படித்துக் காட்டினேன். அவள் முகம் மாறியது.

"பொன்னம்மா குழாயைப் பிடிச்சா. மோட்டாரைப் போட்டது நான். அவ தலையில எதுக்குக் கட்டுறீங்க?"

ஆகவே உள்ளபடி. ஸ்டெயின் அடிக்கும் முன் வேலியைக் கழுவ வேண்டும். தூசி, பாசி எல்லாம் போக வேண்டும். வேலிக்குப் பக்கத்திலேயே டீச்சர் வீட்டுக் கிணறு. சுனாமியில் கடல் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டுப் போன பிறகு, இந்தப் பக்கத்துக் கரையோரக் கிணறுகளுக்கு இரண்டு குணம். மழைக்காலத்தில் இனிக்கும், கோடையில் கரிக்கும். இது வண்டூரில் எல்லோருக்கும் தெரியும், லூசிக்கும் தெரியும். டிசம்பரில் வேலியை அளக்க வந்தபோது அவள் அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்திருந்தாள். இளநீர் மாதிரி இருந்தது. மார்ச்சில் வேலையைத் தொடங்கியபோது மறுபடி ஒரு வாய் குடித்துப் பார்க்கவில்லை. நான் பார்த்ததுதானே என்ற நினைப்பு.

வேலி முழுவதையும் கழுவினார்கள். வெயிலில் பலகைகள் காய்ந்தன. தேய்ப்பதற்கு எமரி பேப்பரோடு வந்த லூசி பலகையில் கையை வைத்தாள். விரலில் வெள்ளையாக ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் வேலி உப்புப் பூத்துப் போயிருந்தது. ஒரு பலகையின் பின்பக்கம் கொஞ்சம் ஸ்டெயின் தொட்டுப் பார்த்தாள். இங்கே குடித்தது, அங்கே குடிக்கவில்லை. தேமல் மாதிரி திட்டுத் திட்டாக நின்றது.

லூசி வேலியடியில் உட்கார்ந்தாள். அவமானம்தான். வேறு சொல் தேட வேண்டியதில்லை. "வேதநாயகம் கூட இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்று ஊர் கேட்கப்போவது இப்போதே காதில் விழுந்தது.

5

டீச்சரிடம் அவளே போய்ச் சொன்னாள். "தண்ணியைப் பாக்காமக் கழுவிட்டேன். தப்பு என்னோடது."

டீச்சர் வெளியே வந்து பார்த்தார். தலையில் கை வைத்துக்கொள்ளவில்லை. அவர் யோசித்தது வேறு.

"இப்பவாவது ஸ்ப்ரே அடிச்சிரலாமே? ரெண்டு கோட் கெட்டியா அடிச்சா உப்பெல்லாம் அடியில போயிரும். யாருக்குத் தெரியப் போகுது?"

"மூடும் டீச்சர். மழைக்காலம் வரைக்கும் ஜோரா இருக்கும். அப்புறம் தோல் தோலா உரியும்."

"விழா முடிஞ்சிரும்ல?"

(இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்தினேன். ஏனென்றால் டீச்சர் சொல்வது நியாயம். வேலி உரிகிறபோது வேறு ஒருவரைப் பிடித்து அடித்துக்கொள்ளலாம். அதுவரை லூசி பெயர் நன்றாகவே இருக்கும். நானாக இருந்தால் ஸ்ப்ரே கம்ப்ரஸரை வாடகைக்கு எடுத்திருப்பேன்.)

"என் பேருல எடுத்த வேலை. உரியக் கூடாது" என்றாள் லூசி. "நல்ல தண்ணி கொண்டாந்து முழுசும் திரும்பக் கழுவுறேன். மேட்டுல ஊத்து இருக்கு. காயவெச்சு, தேச்சு, அப்புறம் பிரஷ்."

"நீயும் பொன்னம்மாவும் மட்டுமா? ஈஸ்டருக்குள்ள முடியுமா?" டீச்சர் தயங்கினார். "வேதநாயகத்தைக் கூப்பிடட்டுமா?"

டீச்சர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். லூசிக்கு அது நெஞ்சில் குத்தியது.

"கூப்பிடுங்க டீச்சர். அவரு வந்து தண்ணி ஊத்தட்டும். பிரஷ் என் கையிலதான்."

6

இப்போது முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

அ) அன்று இரவு வானம் இருண்டது. எதிர்பாராத மழை. வேலி முழுக்கக் கழுவப்பட்டு, காலையில் லூசி கதவைத் திறந்தால்—

நான் இதை மிகுந்த பெருமையோடு படித்தேன். மழை பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். லூசி கேட்டு முடித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அரே பாய், மார்ச்ல இங்க ஏது மழை? இவ்வளவு வருஷமா இந்தத் தீவுலதான இருக்கீங்க?"

"கதையில் வரலாம்."

"வந்தாலும் வேணாம். ஊத்துக்கும் வேலிக்கும் நடந்து என் தோள்பட்டை இறங்கிப் போச்சு. நீங்க பேனாவை எடுத்து அதை மழைக்குக் குடுத்துருவீங்களா?"

அடித்துவிட்டேன். ஒரு பக்கமும் போயிற்று.

ஆ) வேதநாயகம் தண்ணீர் டிரம்களை இறக்கிவிட்டுத் தானும் ஒரு பிரஷ்ஷை எடுத்தார். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு முனையிலிருந்து பூசிக்கொண்டே வந்து, வேலியின் நடுவில் சந்தித்து—

"சினிமாவா எடுக்கீங்க?" என்றாள். பின்னால் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த வேதநாயகம் சிரித்துவிட்டார். "நான் பிரஷ்ஷைத் தொடவே இல்ல சார். தொட விட்டாத்தான. தண்ணி கொண்டா, ஊத்து, தள்ளி நில்லு. அவ்வளவுதான் என் வேலை." அவர் குரலில் வருத்தம் இல்லை. இருந்தது பெருமைதான், லூசிக்குக் கொஞ்சமும் குறையாத பெருமை.

ஆகவே நடந்தது இது. வேதநாயகம் படகு இல்லாத நேரமெல்லாம் பிக்கப் வண்டியில் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். மற்ற நேரத்தில் லூசியும் பொன்னம்மாவும் குடத்தில் சுமந்து வந்து டிரம்மில் நிரப்பினார்கள். ஒவ்வொரு டிரம்மிலும் லூசி ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகுதான் ஊற்றவிட்டாள். கழுவினார்கள், காயவைத்தார்கள். பலகைக்குப் பலகை நாக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு பிரஷ், துணி, பிரஷ், துணி. பொன்னம்மா துடைத்தாள். டீ யாரும் குடிக்கவில்லை. படாக்கின் சொந்தச் சிவப்பு மெல்ல மேலே எழுந்து வந்தது, ஒரு திட்டு இல்லாமல், ஒரு தழும்பு இல்லாமல். அன்று பஸ்ஸை விட்டுவிட்டு நான் நின்று பார்த்தது அந்தச் சிவப்பைத்தான். இதை நான் அடிக்கப் போவதில்லை.

7

இ)

திறப்புவிழாவுக்கு நானும் போயிருந்தேன். ரிப்பன் வெட்டியாயிற்று, லட்டு கொடுத்தாயிற்று. சுற்றுலாத் துறையிலிருந்து வந்திருந்த ஒரு பெங்காலி அதிகாரி விடுதியைப் பார்க்காமல் வேலியையே பார்த்துக்கொண்டு நின்றார். பலகையைத் தடவினார். குனிந்து இடுக்குகளைப் பார்த்தார். "யே கிஸ்கா காம் ஹை மேடம்?" என்றார். யார் வேலை இது என்று கேட்கிறார்.

சர்ச் ஆட்கள், படகுக்காரர்கள், பக்கத்துக் கடைக்காரர் எல்லோரும் திரும்பினார்கள். வேதநாயகம் எல்லோருக்கும் பின்னால் நின்றார். லூசி முன்னால் நின்றாள். நகத்துக்கு அடியில் சிவப்பு இன்னும் போகவில்லை. கையை மறைக்கவில்லை. டீச்சர் பழக்கதோஷத்தில் "வேத..." என்று தொடங்கி நிறுத்தினார். லூசி அவரையே பார்த்தாள். டீச்சர் மறுபடி வாயைத் திறந்தார்.

அவர் சொன்னது எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் எழுத மாட்டேன். வேலியை முழுதாகப் பார்த்தவர் இப்போது நீங்களும்தான். கேட்டவர் காத்திருக்கிறார், லூசி காத்திருக்கிறாள். பெயரை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், வேலியின் அந்த முனை வரைக்கும் கேட்க வேண்டும்.